ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கும் வெளிநாட்டுத் தமிழர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிப்பு, வேலை, குடும்பம், போர் எனப் பல காரணங்களால் வெளிநாடு சென்று வாழ்பவர்கள் உணவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பயணிகளின் பெட்டிகளுக்கான விதிகள் அடிக்கடி மாறுபவை; ஆகவே புறப்படும் முன் செல்லும் நாட்டின் அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அம்மா சொன்னபடியேதான் சமைக்கிறேன். ஆனாலும் ஊர்ச் சுவை வருவதில்லையே, ஏன்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "கைப்பக்குவம்" என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் துப்புத் துலக்குவதுபோல் தேடிக் கண்டுபிடிக்க முடியும். சாம்பார் சரியாக வரவில்லை என்றால், சாம்பார் முழுவதும் தவறிப்போயிருப்பது அரிது. சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம் போட்டிருப்போம், அல்லது புளி வேறு நாட்டுப் புளியாக இருக்கும், அல்லது கடையில் வாங்கிய மல்லித்தூள் ஆறு மாதமாக அலமாரியில் மணம் இழந்து கிடந்திருக்கும். தாளிப்பில் விழும் ஒரு பொருள் மாறினால்கூட நாக்கைவிட மூக்கு அதை முதலில் கண்டுகொள்ளும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது வாயின் பின்புறம் வழியாக மூக்குக்கு ஏறும் மணமே. சளி பிடித்த நாளில் ரசம் வெறும் புளித்தண்ணீராகத் தோன்றுவது அதனால்தான்.

ஆகவே "ஊர்ச் சாப்பாடு இல்லை" என்று ஒட்டுமொத்தமாக ஏங்குவதை விட்டு, குறைவது பொருளா, பக்குவமா, அல்லது கூட உட்கார்ந்து சாப்பிடும் ஆட்களா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதலிரண்டுக்கும் பெரும்பாலும் வழி இருக்கிறது. மூன்றாவதற்குச் சமையலறையில் வழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாகச் சாப்பிடும் மட்டன் குழம்பு எவ்வளவு சரியாக அமைந்தாலும் பாதி ருசிதான் என்பதைத் தனியாக வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

குளிர் நாட்டில் இட்லி மாவு ஏன் பொங்குவதில்லை?

மாவைப் பொங்கவைப்பது நம் கை ராசி என்று நம்பி வளர்ந்திருக்கிறோம். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிரிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றுள் லியூக்கோனாஸ்டாக் என்ற வகைதான் கரியமில வாயுவை வெளியிட்டு மாவை உப்பச் செய்கிறது. அந்த வாயு வெளியேறாமல் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் அதிலுள்ள வழுவழுப்பான பசைப்பொருளும். நுண்ணுயிரிகளுக்குப் பிடித்த வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ், அதாவது சென்னை வீட்டுச் சமையலறையின் சாதாரண இரவு. அங்கே பத்து மணி நேரத்தில் முடிகிற வேலை, 18 டிகிரியில் வைத்திருக்கும் ஐரோப்பிய வீட்டில் ஒரு முழு நாளைத் தாண்டியும் முடியாமல் கிடக்கும்.

வழக்கமான தீர்வு, மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனைச் சூடாக்காமல் விளக்கை மட்டும் எரியவிடுவது. பழைய இழை பல்பு உள்ள ஓவனில் இது அருமையாக வேலை செய்யும். எல்இடி விளக்கு உள்ள புதிய ஓவனில் ஒன்றும் நடக்காது, ஏனெனில் அந்த விளக்கு அவ்வளவு சூட்டைத் தருவதில்லை. அப்படிப்பட்டவர்கள் ஓவனை ஒரே ஒரு நிமிடம் மிகக் குறைந்த சூட்டில் இயக்கி அணைத்துவிட்டு, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீரையும் மாவோடு வைக்கலாம். அவசரப்பட்டு அதிகச் சூடு கொடுத்தால் மாவு பொங்காமலே புளித்துப்போகும். அந்த மாவுக்கு ஊத்தப்பமே கதி.

வெப்பத்துக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது உளுந்து. உடைத்த உளுந்தைவிடத் தோல் நீக்கிய முழு உளுந்தில் மாவு நன்றாகக் காணும்; கடையில் எத்தனை காலம் கிடந்தது என்று தெரியாத பழைய உளுந்து எவ்வளவு அரைத்தாலும் காணாது. மிக்ஸியில் அரைப்பவர்கள் பனிக்கட்டி போட்ட தண்ணீரை ஊற்றி, விட்டு விட்டு அரைப்பது அவசியம், ஏனெனில் கத்தியின் வேகத்தில் மாவு சூடேறி, உளுந்து தன் பொங்கும் தன்மையை இழக்கிறது. குளோரின் கலந்த குழாய் நீர், அயோடின் உப்பு ஆகியவற்றின் மீது பலரும் பழி போடுகிறார்கள். சந்தேகம் உள்ளவர்கள் காய்ச்சி ஆறவைத்த நீரையும் அயோடின் சேராத உப்பையும் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆனால் சூட்டைச் சரிசெய்யாமல் உப்பை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை.

கோயம்புத்தூர் கிரைண்டரை எடுத்துச் செல்லலாமா?

ஐரோப்பா, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய இடங்களில் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் இந்தியாவோடு ஏறக்குறைய ஒத்திருப்பதால் பிளக்கை மாற்றினால் போதும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வாங்கினால் வோல்ட் சரியாகும், அதிர்வெண் மாறாது. கிரைண்டர் மோட்டார் வடிவமைத்த வேகத்தைவிட வேகமாக ஓடப் பார்க்கும். அந்நாடுகளுக்கென்றே செய்யப்பட்ட 110 வோல்ட் கிரைண்டர்கள் கிடைக்கும்போது, பெட்டியில் கல்லைச் சுமந்துபோய் அதன்பின் டிரான்ஸ்பார்மரையும் வாங்குவது வீண் வேலை.

2023இல் அரிசிக்காக வரிசையில் நின்றார்களே, அது ஏன்? மீண்டும் நடக்குமா?

உள்நாட்டு விலையேற்றத்தைக் கட்டுப்படுத்த, 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதித்தது. செய்தி வந்த உடனேயே அமெரிக்காவில் இந்திய மளிகைக் கடைகளில் கூட்டம் மொய்த்து, ஒருவருக்கு ஒரு மூட்டைதான் என்று கடைக்காரர்கள் அறிவிக்கும் நிலை வந்தது. தடை 2024 செப்டம்பர் இறுதியில் நீக்கப்பட்டது. பதற்றத்தில் பலரும் கவனிக்காத ஒன்று, புழுங்கல் அரிசி அந்தத் தடைக்குள் வரவே இல்லை. அடுத்த மாதம் அதற்கு 20 சதவீத ஏற்றுமதி வரி மட்டுமே விதிக்கப்பட்டது. இட்லி அரிசி புழுங்கல் வகை. ஆகவே சோறு வடிக்கப் பச்சரிசி தேடியவர்கள் திண்டாடிய அளவுக்கு மாவு அரைப்பவர்கள் திண்டாடியிருக்கத் தேவையில்லை. விலை மறுபடி ஏறினால் அரசு மறுபடி தடை விதிக்கலாம் என்பதை மறுக்க முடியாது.

பொன்னி அரிசியை விட்டால் வேறு சோறு இறங்காது என்பவர்களுக்கு ஒரு செய்தி: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி, மசூரி என்ற ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது, அந்த மசூரி ரகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வெளியானது மலேசியாவில். நம் ஊர் அரிசியும் ஒருகாலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியதுதான்.

ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொண்டுபோனால் என்ன ஆகிவிடப் போகிறது?

நம்மவர்கள் மிக அதிகமாகக் கோபப்படும் விதி இது. கறிவேப்பிலை, எலுமிச்சையும் ஆரஞ்சும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் இளந்தளிர்களில் முட்டையிட்டுச் சாறு உறிஞ்சும், கடுகளவே உள்ள ஒரு பூச்சி, மரத்துக்கு மரம் ஒரு பாக்டீரியாவைப் பரப்புகிறது. அந்த நோய் பிடித்த ஆரஞ்சு மரத்தில் இலை மஞ்சளித்து, காய் கோணிப் பச்சையாகவே நின்று, சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். குணப்படுத்த மருந்து இல்லை. ஃபுளோரிடாவில் பூச்சி 1998இலும் நோய் 2005இலும் கண்டறியப்பட்டன. இந்த நோயும் அடுத்தடுத்து வந்த புயல்களும் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்குள் அந்த மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சலைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே தள்ளிவிட்டன. சுங்க அதிகாரி நம் பையில் தேடுவது கறிவேப்பிலையை அன்று, அதன் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கக்கூடிய முட்டையை. இது தெரிந்த பின்பும் மடித்த புடவைக்குள் ஒளித்துக் கொண்டுபோவது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல், பயணி கொண்டுவரும் ஏறக்குறைய எல்லாப் பழம், காய், இலைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு பெற்றவை ஐந்தே பழங்கள்: அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, துரியன். தேங்காயும் வாழைப்பழமும் அதில் இருப்பதை நம் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

செல்லும் நாட்டிலேயே முறையாக விற்கும் இலை கிடைத்தால், மொத்தமாக வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைக்கலாம். உருகவிடாமல் நேரே சூடான எண்ணெயில் போட வேண்டும். உலர்த்திய இலையில் மணம் பெரும்பாலும் போய்விடும். அது கண்ணுக்கு மட்டும்தான். தொட்டியில் வளர்ப்பவர்கள், உறைபனி தொடங்கும் முன் செடியை வீட்டுக்குள் வெயில் படும் சன்னலோரம் மாற்றி, குளிர்காலம் முழுவதும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இலை கொட்டினால் செத்துவிட்டது என்று பிடுங்கி எறிய வேண்டாம். வசந்தத்தில் பெரும்பாலும் துளிர்க்கும்.

பெட்டியில் வேறு எவற்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

முதலில் கசகசா. குருமாவுக்கு நாம் அரைக்கும் இந்தச் சிறு விதை, அபினிச் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். அரபு நாடுகளில் இது போதைப்பொருள் வழக்காகிச் சிறைக்குப் போவது வரை கொண்டுசெல்லக்கூடும். யாராவது "என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்" என்று கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தை வளைகுடா செல்பவர்கள் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. முந்திரியும் தேங்காயும் அரைத்தால் குருமா கெட்டியாகிவிடும். அதற்காகச் சிறைக்குப் போக வேண்டியதில்லை.

அடுத்து நெய்யும் பால் இனிப்புகளும். கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் அச்சத்தால், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பிரிட்டனும் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து வரும் பயணி இறைச்சியையும் பால் பொருட்களையும் கொண்டுவர அனுமதிப்பதில்லை. திருநெல்வேலி அல்வாவுக்கு மணம் தரும் அதே நெய்தான் இங்கே சிக்கல். இதற்கு நேர்மாறாக, கருவாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வழி உண்டு: மீன் பொருட்களைச் சொந்தப் பயன்பாட்டுக்கு 20 கிலோ வரை கொண்டுசெல்லலாம். விதி அனுமதித்தாலும் பக்கத்து இருக்கைக்காரரை நினைத்து, மூன்று உறைகளுக்குள் இறுக்கிக் கட்டுவது தமிழர் பண்பாடு.

ஆஸ்திரேலியா தனி உலகம். சேமித்த தானியங்களை அழிக்கும் காப்ரா வண்டுக்கு அஞ்சி, 2020 அக்டோபர் முதல் அரிசி, துவரை, பாசிப்பயறு, சீரகம், சோம்பு, முழு மல்லி, காய்ந்த மிளகாய் உள்ளிட்ட பலவற்றைப் பயணிகள் கொண்டுவருவதற்கு அந்நாடு தடை விதித்தது. ஒரு சராசரித் தமிழ் வீட்டின் அஞ்சறைப் பெட்டியே அந்தப் பட்டியலில் இருக்கிறது எனலாம். இதே வண்டை முன்னிட்டு, இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதை அமெரிக்காவும் அனுமதிப்பதில்லை. நியூசிலாந்தில் தடைசெய்த உணவை அறிவிக்காமல் போனால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கசகசா போல் போதைப்பொருள் வழக்காகக்கூடியவை நீங்கலாக, படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிக் காட்டினால், பெரும்பாலும் பொருள் மட்டும் குப்பைக்குப் போகும். மறைத்தால் பணமும் போகும்.

விமானத்துக்குள்ளேயே இரண்டு சிக்கல்கள் உண்டு. ஊறுகாயும் தொக்கும் திரவக் கணக்கில் சேர்வதால் பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. கொப்பரை, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு வகையில் வைக்கப்பட்டிருப்பதால் அதைப் பெட்டியில் ஏற்கப் பெரும்பாலும் மறுப்பார்கள். பருப்புப்பொடி, ரசப்பொடி, வறுத்தரைத்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போன்றவற்றில் பொதுவாகத் தொல்லை குறைவு. எடைக்கு எடை இவைதான் அதிகம் பயன் தருபவையும்கூட.

இந்தியக் கடையோ இலங்கைக் கடையோ இல்லாத ஊரில் என்ன செய்வது?

பெரிய நகரங்களில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. 1983க்குப் பின் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் திறந்த கடைகளால் பாரிஸின் லா சப்பலிலும், டொரொன்டோவின் ஸ்கார்பரோவிலும், லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் முருங்கைக்காயிலிருந்து, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா வரை கிடைக்கும். ஒடியல் மா இல்லாமல் காய்ச்சுவது கூழே ஆகாது என்பவர்கள் அங்கே போய்வருவது ஒரு யாத்திரைதான்.

சிறிய ஊரில் வாழ்பவர்கள் செய்யும் தவறு, "இந்தியன்" என்ற பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டே இருப்பது. நம் காய்கறிகள் வெப்பமண்டலத்துக்கே பொதுவானவை. பிலிப்பைன்ஸ் கடையின் ஃப்ரீசரில் "மாலுங்காய்" என்ற பெயரில் இருப்பது நம் முருங்கைக்கீரை. வியட்நாம், தாய்லாந்துக் கடைகளில் வாழைப்பூ, உறைந்த வாழையிலை, துருவிய தேங்காய், பீர்க்கங்காய். சீனக் கடையில் பாகற்காய், நீளமான காராமணிக்காய், தண்டுக்கீரை. ஆப்பிரிக்க, கரீபியக் கடைகளில் மரவள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, எலும்போடு வெட்டிய வெள்ளாட்டுக்கறி. அங்கே விற்கும் பிளான்டைன் நம் வாழைக்காயைவிடச் சற்று மாவாக இருக்கும். வறுவலுக்குச் சிறப்பு, பொரியலுக்குச் சுமார். தென்னமெரிக்கக் கடையில் "பனேலா" என்று அச்சில் வார்த்து விற்பது கரும்புச்சாற்றைக் காய்ச்சிய வெல்லமே. பொங்கலுக்குத் தயங்காமல் போடலாம்.

இரண்டு பொருட்களில் மட்டும் ஏமாறக் கூடாது. சீன, கொரியக் கடைகளில் கிடைக்கும் பழுப்பு நிற எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் பிழிந்தது; அதில் தாளித்தால் வத்தக்குழம்பு வேறு தேசத்துக்குப் போய்விடும். வறுக்காத எள்ளில், ஆட்டும்போது கருப்பட்டி சேர்த்து எடுக்கும் செக்கு நல்லெண்ணெய்க்கு மாற்று இல்லை. அதேபோல் தாய்லாந்துக் கடையில் ஓட்டோடு அழகான பெட்டியில் இருப்பது பெரும்பாலும் தின்பதற்கான இனிப்புப் புளி. ரசத்துக்கு வேண்டியது கட்டியாக அழுத்திய புளிதான்.

ஃபில்டர் காபியில் என்ன குறைகிறது?

பெரும்பாலும் பால். ஆவின் பச்சை பாக்கெட்டில் 4.5 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். அமெரிக்காவில் "முழுப் பால்" என்று விற்பதில் 3.25 சதவீதமே. அந்தப் பாலைச் சிறு தீயில் கொஞ்சம் சுண்டக் காய்ச்சினாலோ, ஒரு கரண்டி கிரீம் சேர்த்தாலோ தீர்ந்தது. இரண்டாவது சிக்கரி. கும்பகோணத்துப் பெயரைச் சொல்லிக் கொண்டாடும் காபியின் கெட்டித்தன்மையில் சிக்கரிக்குப் பெரும் பங்குண்டு. இந்திய விதிப்படி கலவையில் அது 49 சதவீதம் வரைகூட இருக்கலாம், பாக்கெட்டின் மீது அளவு அச்சிட்டிருக்கும். தரமான தனிக் கொட்டையை வாங்கி அரைத்துவிட்டு "ஊர்க் காபி மாதிரி இல்லை" என்பவர்கள், சிக்கரித்தூளைத் தனியாக வாங்கி ஐந்தில் ஒரு பங்கு கலந்து பார்க்கலாம்.

கிடைக்கவே கிடைக்காது என்று எவற்றை விட்டுவிடலாம்?

பதநீர், இளசான நுங்கு, அன்று காலை கரை ஏறிய மீன். பதநீர் இறக்கிய சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். தாய்லாந்திலிருந்து டப்பாவில் சர்க்கரைப்பாகில் வரும் நுங்கு கிடைக்கிறது. உருவம் மட்டும் நுங்கு.

பல ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போனபோது, நான் ஏங்கிய உணவே பழைய சுவையில் இல்லை. மாறியது நானா, ஊரா?

இரண்டும்தான். வெளிநாட்டில் உப்பும் காரமும் குறைத்துப் பழகிய நாக்குக்கு ஊர்க் குழம்பு முதல் நாள் சுள்ளென்று இருக்கும். ஒரு வாரத்தில் அது தணிந்துவிடும். ஊரும் சும்மா இருக்கவில்லை. புளிப்பான நாட்டுத் தக்காளியின் இடத்தைத் தொலைதூரம் லாரியில் ஏற்றிச் செல்லத் தாங்கும், தடித்த தோல் கொண்ட கலப்பினத் தக்காளி பிடித்துவிட்டது. செக்கெண்ணெய் இருந்த வீட்டில் ரீஃபைண்டு எண்ணெய், அம்மி இருந்த இடத்தில் மிக்ஸி, விறகடுப்பு இருந்த இடத்தில் கேஸ். வெளிநாட்டில் இருப்பவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்டு எழுதிவைத்த அளவிலேயே இன்றும் மசாலா வறுத்துக்கொண்டிருக்க, ஊரில் அம்மா பாக்கெட் சாம்பார்த்தூளுக்கு மாறியிருப்பார். அவருக்கும் முழங்கால் வலிக்கிறது. அடுத்த முறை போகும்போது, பழைய அளவில் வறுத்து அரைத்த பொடியில் அரைக் கிலோவை அவருக்கு எடுத்துக்கொண்டு போகலாம். அந்தப் பக்கம் வரும் பெட்டிக்கும் சுங்க விதிகள் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.